கத்திரிக்கு நிறுத்திய மாத்திரை

உத்திரமேரூர்
14-5-2007

சுபாஷ்ரீ,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். மற்றவர்கள் வீட்டில் இடி விழுந்தாலும் உன் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். போன வாரம், நான் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற ஹசீனா அக்கா கடை போனிலிருந்து கூப்பிட்டேன். பதறிப்போய் "ராங் நம்பர் அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்தாய். ராங் நம்பருக்கு உறவுமுறை வைத்துப் பதில் சொன்ன ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். ஹசீனா அக்கா சிரித்த சிரிப்பில் கல்லாப்பெட்டி ஆடியது. அதனால்தான் கடிதம். போனை வைத்துவிடலாம். கடிதத்தை எங்கே வைத்தாலும் அது அங்கே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

விஷயம் ஒன்றுதான். என் மகளை அனுப்பு.

உன் அண்ணன் மாசியில் போனார். காரியம் முடிந்த மத்தியானம், வடை பாயசம் சாப்பிட்டுக் கழுவின கையோடு, "குழந்தை கொஞ்ச நாள் எங்ககூட இருக்கட்டும் அண்ணி, இங்க ஒரே அழுகையா கீது" என்று தாரிணியைத் தூக்கி காரில் வைத்தாய். அதுவரை குரோம்பேட்டைப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு, என் பிள்ளையைத் தூக்கும்போது மட்டும் ஊர்ப் பேச்சு வந்தது. நானும் நம்பினேன். இப்போது கத்திரி வெயில் பாதி முடிந்துவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். எல்.கே.ஜி. சேர்க்க இங்கே சொல்லி வைத்திருக்கிறேன்.

அவளுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று இரண்டு தடவை ரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அது உனக்கும் தெரியும். எனக்குத்தான் இருக்கிறது. சித்திரையில் எனக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். என் வாழ்நாளில் இதுதான் முதல் மாத்திரை. ஆரம்பிக்கும் முன் ஆஸ்பத்திரியில் ஒரு ட்யூப் ரத்தம் கூடுதலாக எடுத்தார்கள். இதுவரை இந்த நோய்க்கு மாத்திரையே சாப்பிடாதவர்களின் ரத்தம் ஏதோ ஆராய்ச்சிக்கு வேண்டுமாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். என் ரத்தத்தைக் கேட்டு வாங்கினவர்கள் அவர்கள். நான் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை டெட்டால் போட்டுத் துடைத்தவர்கள் நீங்கள்.

கவுதமைக் கேட்டதாகச் சொல். எங்கள் கல்யாணத்தில் மணவறையைச் சுற்றி ஓடி என் மாலையைப் பிடித்து இழுத்துப் பிய்த்த பிள்ளை, இன்று தாரிணிக்கு அ, ஆ சொல்லித் தருகிறானாமே. உன் வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவன்தான்.

ஞானசுந்தரி


குரோம்பேட்டை
27-5-2007

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையுறை போட்டுக்கொண்டு பிரித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. காகிதத்தில் இந்த நோய் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படித்து முடித்ததும் கை கழுவினேன். அதற்குக் காரணம் நோய் இல்லை.

தாரிணியை அனுப்பச் சொல்கிறீர்கள். எங்கே அனுப்ப? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. அதில் தையல் மெஷின். பிளவுஸுக்கு ஊக்கு வைக்கிற சம்பாத்தியம். தெருவில் உங்களைப் பார்த்தால் ஒதுங்கி நடக்கிறார்கள் என்று சித்தி சொன்னார்கள். இந்தப் பெருமையையெல்லாம் குழந்தைக்கு எழுதி வைக்கப்போகிறீர்களா?

வெளிப்படையாகவே கேட்கிறேன். என் அண்ணன் தேவராஜன் கல்யாணத்துக்கு முன் ஒரு தும்மல் தும்மியதில்லை. வாலாஜாபாத் மில்லிலிருந்து கோயம்பேடு வரைக்கும் மூட்டை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டியவன். வீட்டுக்கு நீங்கள் வந்தீர்கள். மூன்று வருஷம் கழித்து தீபாவளி அன்று ரத்தவாந்தி எடுத்து விழுந்தான். ரத்தம் பார்த்தால் இரண்டு பேருக்கும் இருக்கிறது என்றார்கள். கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தீர்கள். எத்தனை பேர் வந்துபோகிற இடம் அது. அதற்கு மேல் எழுத எனக்கு வளர்ப்பு இடம் தரவில்லை.

மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்கு வேறு சொல்கிறீர்கள். அந்த மாத்திரையைப் பற்றி என்னிடமா? அண்ணனைப் பார்த்துக்கொண்டது யார்? இங்கிலீஷ் மாத்திரை எல்லாமே சூடு. இந்த மாத்திரை அதிலும் சூடு. வெளியே கத்திரி, உள்ளே மாத்திரை என்றால் குடல் வெந்துபோகும். அதனால் வருஷா வருஷம் கத்திரி தொடங்கியதும் நான் நிறுத்திவிடுவேன், முடிந்து ஒரு மழை பெய்தபிறகுதான் திரும்பக் கொடுப்பேன். டாக்டரைக் கேட்டா செய்தேன்? டாக்டரா மோர் கரைத்துக் கொடுத்தார்? கவுதமை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அண்ணனுக்கு நீர்மோரும் நுங்கும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினவள் நான். ஒவ்வொரு கத்திரியிலும் முகம் தெளிந்து ராஜா மாதிரி இறங்கி வருவான். நீங்கள் அவனுக்கு என்ன செய்தீர்கள்? ரசம் வைத்தீர்கள். அதிலும் உப்பு இருக்காது.

உங்களுக்கு ஒரு வார்த்தை தருகிறேன். நோயைக் கொண்டுவந்தது நீங்கள் இல்லை என்று உங்கள் ரத்தமே வாய் திறந்து சொல்லட்டும். அன்றைக்கே குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறேன். ரத்தம் பேசாது அண்ணி. அதுவரைக்கும் தாரிணி என் வீட்டுப் பெண்.

சுபாஷ்ரீ பார்த்திபன், பி.எஸ்ஸி.


உத்திரமேரூர்
3-9-2007

சுபாஷ்ரீ,

கடிதத்துக்குக் கீழே பட்டத்தைப் போட்டது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் யாரோ படிக்காதவள் எழுதியது என்று நினைத்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தேன். மறந்திருக்க மாட்டாய். கேட்டுக்கு உள்ளே நீ, வெளியே நான். தண்ணீர் கேட்டேன். உள்ளே போய், போன மாதம் கவுதம் பிறந்தநாளில் மீந்துபோன பிளாஸ்டிக் கப்பில் கொண்டுவந்தாய். மிக்கி மவுஸ் படம் போட்டது. "குடிச்சிட்டு அங்கேயே போட்டுருங்க" என்றாய். சாக்கடை ஓரத்தைக் காட்டினாய். பரவாயில்லை. அதைவிடப் பெரிதாக உன்னிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் தாரிணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, நீ உள்ள வரக்கூடாதாம். உன் மேல பூச்சி கீதாம்." நாலு வயது. அவளுக்குப் பூச்சி என்றால் கரப்பான்பூச்சிதான் தெரியும். என் புடவையை மேலும் கீழுமாகப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் காஞ்சிபுரம் வரும்வரை நானும் குனிந்து குனிந்து என் புடவையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். அழுகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்படாதே. அழவும் செய்தேன். அது பஸ்ஸிலேயே முடிந்துவிட்டது.

ஜவுளிக்கடை பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், சேலை மடித்து அடுக்கினேன். வந்துபோனவர்கள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த பெண்கள். உன் கல்யாணப் புடவையும் அந்தக் கடையில் எடுத்ததுதான். உன் கணக்குப்படி பார்த்தால் நீயும் அங்கே வந்துபோனவள்.

உன் கத்திரி வைத்தியத்தை ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் செய்கிற அம்மாவிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "யாரும்மா அந்தப் புண்ணியவதி?" என்றார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் மோர் ஒரு பாடமா? நான் இந்தக் கத்திரியில் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டேன். ரேடியோவில் காலைச் செய்திக்கு ஒன்று, ராத்திரிச் செய்திக்கு ஒன்று. குடல் வேகவில்லை.

உன் வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ரத்தத்துக்கு வாய் இல்லைதான். உனக்கு இருக்கிறதே, அது போதும் என்று இப்போதைக்கு விடுகிறேன்.

ஞானசுந்தரி


குரோம்பேட்டை
6-1-2008

அண்ணி அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். சித்தி வந்திருந்தார்கள். நீங்கள் துரும்பாக இளைத்துவிட்டீர்களாம். வாயெல்லாம் புண்ணாம். ஒரு வேளை விடாமல் சாப்பிட்டேன் என்று அவ்வளவு பீற்றிக்கொண்டீர்களே, அந்த மாத்திரை என்ன ஆயிற்று?

எனக்குத் தெரியும் என்ன ஆயிற்று என்று. சித்தியின் மருமகள் அந்த ஆஸ்பத்திரியில்தான் பிரசவ வார்டில் இருக்கிறாள். உங்கள் கவுன்சிலிங் அம்மா எல்லார் எதிரிலும் உங்களைக் கேட்டாராமே, "ஒழுங்கா சாப்புட்றியா, இல்ல வூட்ல வெச்சி பூஜை பண்றியா?" என்று. நீங்கள் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று அழுதீர்களாம். ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏன் கேட்காமல் போகிறது? தப்பு பண்ணுகிறவர்களுக்குத்தான் மாத்திரை கேட்காதாம். என்னைப் புண்ணியவதி என்று சொன்ன அம்மாவே உங்களைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டார். கடவுள் இருக்கிறார்.

இப்படித் தன் உயிரையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவரிடம் ஒரு குழந்தையைக் கொடுக்க முடியுமா? நீங்களே யோசியுங்கள். யோசிக்க வராவிட்டால் நான் யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். ஜூனில் தாரிணியை இங்கே யு.கே.ஜி.யில் சேர்க்கிறோம். பெற்றோர் என்ற இடத்தில் எங்கள் பெயர்தான். வக்கீலைப் பார்த்தாயிற்று. ஒரு கையெழுத்து வேண்டியிருக்கும், அதற்கு ஆள் அனுப்புகிறேன். உங்களுக்குப் பிறகு அவள் அநாதை ஆகக்கூடாது என்பதற்காகத்தான். "உங்களுக்குப் பிறகு" என்று எழுதியதற்கு வருத்தப்படாதீர்கள். சித்தி சொன்னதைப் பார்த்தால் அதற்கு ரொம்ப நாள் இல்லை.

இவர் முதலில் தயங்கினார். பெற்றவள் இருக்கிறாளே என்றார். உங்களைப் பற்றிய எல்லாம் சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டார். நல்ல மனிதர். உங்கள் கல்யாணத்தில் எங்கள் பக்கத்துக்காக உங்கள் அப்பாவிடம் வாக்குக் கொடுத்தவர் அவர்தான் என்பதால் உங்கள்மேல் இன்னும் ஒரு பாசம்.

தாரிணி என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள்.

சுபாஷ்ரீ பார்த்திபன், பி.எஸ்ஸி.


உத்திரமேரூர்
18-3-2008

சுபாஷ்ரீ,

உன் வக்கீல் அனுப்பிய ஆள் வந்தான். ஹசீனா அக்கா கடை வாசலிலேயே மடக்கிவிட்டார். "இன்னாபா, கையெய்த்து வாங்கறதுக்கு எங்க வந்துகீற? இது ஜவுளிக்கட. சட்ட வேணும்னா எட்த்துக்கோ, இல்ல நாஷ்டா துன்னுட்டு பஸ் ஏறு" என்று அனுப்பிவிட்டார். அவனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்த வகையில் உனக்கு ஒரு கடன் இருக்கிறது. வேண்டாம், வைத்துக்கொள்.

இப்போது சொல்வதைப் பொறுமையாகப் படி. கெமிஸ்ட்ரி வேண்டாம், தமிழ் தெரிந்தால் போதும்.

தை முழுக்க நான் படுக்கையில் கிடந்தேன். மாத்திரை கேட்கவில்லை என்பது உண்மை. எல்லாரும் நான் பொய் சொல்கிறேன் என்றார்கள் என்பதும் உண்மை. கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா மட்டும், "இந்தம்மா பொய் சொல்ற மாதிரி தெரியல, மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்ன ஆராய்ச்சிக்குன்னு எடுத்த ரத்தம் இருக்குமே, அதைப் பாருங்க" என்றார். அந்த பிஸ்கட் பாக்கெட் ரத்தம். நினைவிருக்கிறதா? முதல் கடிதத்தில் எழுதினேன். நீ கை கழுவிய கடிதம்.

போன வாரம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். நான் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத நாளில் எடுத்த ரத்தம் அது. அதிலிருந்த கிருமி அப்போதே மாத்திரைக்கு அசையாத கிருமி.

எனக்குப் புரியவில்லை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்தக் கிருமி உடம்புக்குள் கோடிக்கணக்கில் தன்னைப்போலவே இன்னொன்றைச் செய்துகொண்டே இருக்குமாம். அவசரத்தில் செய்வதால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணல்மாணலாக வருமாம். பெரும்பாலும் அதெல்லாம் உருப்படாது. ஏதோ ஒரு கோணல் மட்டும் மாத்திரைக்குப் பிடிபடாததாக அமைந்துவிடும். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எதுவும் பெருகவே முடியாது, அந்தக் கோணலுக்கும் வழியில்லை. சாப்பிட்டு, நிறுத்தி, திரும்பச் சாப்பிட்டால்தான் ஆபத்து. என் அப்பா வாலாஜாபாத் ரைஸ்மில்லில் எலிக்கு மருந்து வைத்தவர். அரைகுறையாக வைத்தால் சாவது செத்துவிடும், தப்பியது குட்டி போடும், மறு வருஷம் மில் பூராவும் தப்பியதன் பிள்ளைகள்தான் ஓடும். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அதேதான் என்றார்.

பிறகு கேட்டார். "நீங்க மாத்திரை சாப்பிட்டதில்லை. அப்போ இந்தக் கிருமி வேற ஒருத்தர் உடம்புல மாத்திரையைப் பார்த்துட்டுதான் உங்ககிட்ட வந்திருக்கு. யாரு உங்களுக்குக் கொடுத்தாங்களோ, அவங்க கொடுக்கறதுக்கு முன்னாடியே விட்டு விட்டு மாத்திரை சாப்பிட்டிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் எப்போ ஆரம்பிச்சார்?"

தீபாவளிக்குப் பிறகு என்று சொன்னேன். அந்தத் தீபாவளியில் எனக்கு ஏற்கெனவே நோய் இருந்தது. கணக்கு உதைக்கிறதே என்றார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்தேன். ரசத்தில் உப்பு இல்லை என்று எழுதிய கடிதத்தை. கவுதமை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு மோர் எடுத்துப் போனாயாம், கத்திரிக்கு மாத்திரையை நிறுத்தினாயாம். சுபாஷ்ரீ, அவர் தீபாவளிக்கு விழுந்தபிறகு உன் வீட்டில் ஒரே ஒரு கத்திரிதான் இருந்தார். அந்தக் கத்திரியில் கவுதம் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். உன் பிள்ளை உன் இடுப்பில் இருந்த கத்திரி எது? எங்கள் கல்யாணத்தில் அவன் மணவறையைச் சுற்றி ஓடினான், என் மாலையைப் பிய்த்தான். இடுப்பில் இருந்தது அதற்கு முன்னால். அப்போது நான் காஞ்சிபுரத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

கல்யாணமான புதிதில் அவர் பெட்டியில் ஒரு டப்பா இருந்தது. என்ன என்று கேட்டேன். "அல்சர் மாத்திர. நீ இன்னாத்துக்கு அத்த நோண்டிக்கினு கீற?" என்றார். மாதம் ஒரு தடவை தங்கச்சியைப் பார்க்கப் போவார், டப்பா நிறைந்து வரும். எவ்வளவு பாசமான தங்கை என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். கத்திரி வந்தால் டப்பா காலியாக இருக்கும். அல்சருக்கு விடுமுறை போல என்று நினைத்துக்கொண்டேன். என்னைப்போல ஒரு முட்டாளை நீங்கள் தேடிப் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

ஆக, தெரிந்துதான் கட்டிவைத்தாய். தெரிந்துகொண்டே என் ஜவுளிக்கடையைப் பற்றி எழுதினாய். உன் மோர் வைத்தியத்தில் பழகித் தேறின கிருமியை எனக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, என் நாற்காலியை டெட்டாலால் துடைத்தாய். என் உடம்பில் இருப்பது என் பூச்சி இல்லையடி. நீ வளர்த்த பூச்சி.

ரத்தம் பேசிவிட்டது. உன் வார்த்தையைக் காப்பாற்று.

இன்னொன்று. எனக்கு வேறு வகை மாத்திரை கிடைக்கும் என்கிறார்கள். இந்த வருஷம்தான் வந்திருக்கிறதாம். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய, அவர் முன்னால் எதையெல்லாம் சாப்பிட்டார் என்று தெரிந்தால் நல்லது என்றார் டாக்டரம்மா. பழைய அட்டை எதுவும் கிடந்தால் அனுப்பு. இதை உன்னிடம் கெஞ்சிக் கேட்கவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

கவரில் உன் பெயரை எழுதவில்லை என்று கவனித்திருப்பாய். பார்த்திபன் அண்ணன் ஆபீஸ் விலாசத்துக்கு, அவர் பெயருக்கே அனுப்புகிறேன். உன் பழைய கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கூட வைத்திருக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பாவின் கையைப் பிடித்து, "மச்சான் தங்கமானவருங்க, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, நான் பொறுப்பு" என்றவர் அவர். அவருக்கும் படிக்க உரிமை இருக்கிறது.

ஞானசுந்தரி


குரோம்பேட்டை
2-4-2008

ஞானசுந்தரி,

அண்ணி என்று இனிமேல் எழுதமாட்டேன். அந்த மரியாதையை நீயே கெடுத்துக்கொண்டாய்.

ஆபீஸுக்கா அனுப்புவாய்? கீழ்த்தரமானவள். டெஸ்பாட்ச் கிளார்க் முன்னால் இவர் பிரித்துப் படித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கவுதம் இடுப்புல இருந்தப்போ உங்கண்ணனுக்கு எதுக்குடி மாத்திரை?" அல்சர் என்றேன். சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது ஹாலில் படுக்கிறார்.

உன் ரத்தம் பேசியதாமே. அது யார் பெயரைச் சொல்லியது? ஊரில் எத்தனையோ பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். இப்படி ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எழுதி வைத்திருந்ததை இவர் படித்துவிட்டு, எதிரிலேயே கிழித்துப் போட்டார். அதனால் அது வேண்டாம்.

உனக்குப் புரியாது. அண்ணன் வேன் ஓட்டும்போது எங்கேயோ சறுக்கிவிட்டான். அழுதான். என் கல்யாணத்துக்காக முப்பது வயதுவரைக்கும் காத்துக்கொண்டிருந்தவன். எனக்கு நகை போட்டவன். "எனக்கும் ஒரு வூடு வேணும் சுபா" என்றான். உடம்பு தேறி ஆள் நன்றாகத்தான் இருந்தான். மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். உன்னைக் கெடுக்க நினைத்து யாரும் தாம்பூலம் மாற்றவில்லை. உன்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை, வைத்துக்கொள். கத்திரியில் நிறுத்தியதும் அவன் நல்லதுக்குத்தான். அவன் உடம்பு கொதிக்கும், கண் எரியும், என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உனக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் இவர் தாரிணியைக் கொண்டுவருகிறார். நான் வரவில்லை. வரச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. துணிகள் பெரிய பையில். நாலு கவுன் புதிது. பால் ஆற்றித்தான் குடிப்பாள், ஆடை இருந்தால் துப்பிவிடுவாள். ராத்திரி லைட்டை அணைத்தால் அழுவாள். உன் ஒற்றை அறையில் லைட்டாவது இருக்கிறதா?

பழைய மாத்திரை அட்டைகள் இரண்டு பீரோவுக்குப் பின்னால் கிடந்தன. கவரில் வைத்திருக்கிறேன். பெயர் தெரியும்படி துடைத்திருக்கிறேன். உனக்காக இல்லை. நீ போய்விட்டால் அவளை யார் பார்ப்பது என்று.

என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பை கட்டும்போது, "நீ எப்போ அங்க வருவ?" என்று கேட்டாள். அதற்குப் பதிலை நீ சொல். வரலாமா, கூடாதா? கூடாது என்றாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். உன் தரம் எனக்குத் தெரியும்.

சுபாஷ்ரீ


உத்திரமேரூர்
12-5-2008

சுபாஷ்ரீ,

பட்டத்தை விட்டுவிட்டாய் போலிருக்கிறது. நல்லது, கையெழுத்து கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

தாரிணி வந்து சேர்ந்தாள். பார்த்திபன் அண்ணன் வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். "எந்த மொகத்த வெச்சிக்கினு வர்றது" என்றார். பிறகு வந்தார். காபி குடித்தார். என் அப்பா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கிளம்பும்போது அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்மேல் இருக்கிற கோபத்தைப் பங்கு போட எனக்கு மனமில்லை.

முதல் இரண்டு நாள் தாரிணி என்னிடமிருந்து எட்டித்தான் படுத்தாள். புடவையில் பூச்சி தேடினாள். உதறிக் காட்டினேன், தலையை விரித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் அவளே என் மடியில் ஏறி, "பூச்சி செத்துப்போச்சா?" என்று கேட்டாள். சாகாது, தூங்கும், மாத்திரை கொடுத்தால் தூங்கிக்கொண்டே இருக்கும் என்றேன். அன்றிலிருந்து செய்தி போட்டதும் அவள்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறாள். எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறப்பதில்லை. பால் ஆடையைத் துப்புகிறாள். நீ சொன்னது சரிதான்.

நீ அனுப்பிய அட்டைகளைப் பார்த்து டாக்டரம்மா தலையாட்டினார். புது மாத்திரை ஆரம்பித்தாயிற்று. வாய்ப்புண் ஆறிவிட்டது. வெளியே கத்திரி வெயில் தீயாய்க் கொளுத்துகிறது. மாத்திரையும் சாப்பிடுகிறேன், நீர்மோரும் குடிக்கிறேன். இரண்டும் உள்ளே சண்டை போட்டுக்கொள்ளவில்லை. உன் அண்ணனுக்கு நீ இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அதை நினைத்தால் உன்னை அடிக்க வேண்டும்போலவும் இருக்கிறது, அவருக்காக அழ வேண்டும்போலவும் இருக்கிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அது இந்தப் பிறவியில் நடக்காது.

வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. தாரிணி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவளுக்காக. காஞ்சிபுரத்தில் பஸ் மாறி வரவேண்டும், வெயிலில் தொண்டை வறண்டுதான் வந்து சேர்வாய். வாசலில் நிற்கவைக்க மாட்டேன். ஆனால் என் வீட்டில் பிளாஸ்டிக் கப் கிடையாது. இரண்டே இரண்டு டம்ளர்தான் இருக்கிறது. ஒன்றில் தாரிணி குடிக்கிறாள், ஒன்றில் நான் குடிக்கிறேன். தாரிணி தன் டம்ளரை யாருக்கும் கொடுப்பதில்லை.

ஞானசுந்தரி